இரண்டு குவியல்கள்

தானியத்தைச் சுத்தம் செய்வதற்குத் தமிழில் இருக்கிற வினைச்சொற்கள் ஒன்றிரண்டல்ல. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், நேம்புதல், சலித்தல், தூற்றுதல். முறத்தைப் பிடித்திருக்கும் பெண்ணின் மணிக்கட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு விதமாக அசைகிறது. இத்தனை அசைவுகளும் எதை ஆதாரமாக வைத்துப் பிரிக்கின்றன என்று பார்த்தால் கனம், பருமன், வடிவம் என்று சில குணங்களில் விஷயம் முடிந்துவிடும். பதர் லேசு, பறக்கிறது. கல் கனம், தங்குகிறது. நொய் பொடி, சல்லடைக் கண்ணில் விழுகிறது. ஆனால் இரண்டு வகை மணிகள் கனத்திலும் பருமனிலும் நிறத்திலும் ஒன்றாகவே இருந்து, ஒன்று மற்றதின் கண்ணாடிப் பிம்பமாக மட்டும் இருக்குமானால்? வலது கைக்கும் இடது கைக்கும் உள்ள வித்தியாசம், அதற்குமேல் ஒன்றுமில்லை. இங்கே சல்லடை கைவிரித்துவிடும். சல்லடைக் கண்ணுக்கு இடம் வலம் கிடையாது. வலது செருப்பு நுழைகிற ஓட்டையில் இடது செருப்பும் நுழைந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு குவியல் 1848-ல் பாரீஸில் பிரிக்கப்பட்டது. பிரித்தவர் லூயி பாஸ்டர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. பிற்பாடு வெறிநாய்க்கடி மருந்தாலும் பாலைச் சூடாக்கும் முறையாலும் நமக்குப் பரிச்சயமான அதே பாஸ்டர்தான். பிரித்த சாதனம் கண்ணும் விரலும். ரசாயன சரித்திரத்தில் இந்தக் காரியம் ஒரு ஐதீகமாகவே ஆகிவிட்டது. ஏழை வீட்டுப் பையன், திடீர் ஞானோதயம், கிழவரின் ஆசீர்வாதம் என்று நம் ஜனரஞ்சகப் பத்திரிகைகள் விஞ்ஞானிகளின் வாழ்க்கையை எழுதுகிற அச்சு இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐதீகத்தைக் கழற்றிப் போடுவது மட்டும் இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. அந்த மேஜைமேல் நடந்தவை இரண்டு வேறு வேறு காரியங்கள். அவை ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு, ஐம்பது வருஷம் கழித்து, உயிர், பிரக்ஞை, சிருஷ்டி என்று ஒரு பெரிய வாதம் எழுப்பப்பட்டது. அந்த வாதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் படிகங்களைப் பற்றி.

திராட்சை மது புளித்து அடங்கும் பீப்பாய்களின் உட்புறத்தில் கெட்டியாக ஒரு பொருக்கு படியும். அதிலிருந்து எடுக்கப்படுவது டார்டாரிக் அமிலம். 1820 வாக்கில் அல்ஸாஸ் பிரதேசத்தில் கெஸ்ட்னர் என்பவரின் தொழிற்சாலையில் இதன் கூடவே இன்னொரு அமிலமும் வந்து சேர்ந்தது. இரண்டிலும் ஒரே மூலகங்கள், ஒரே விகிதம். ஆனால் குணம் ஒன்றல்ல. இந்த ஜோடியை முன்வைத்துத்தான் பெர்ஸீலியஸ் 1830-ல் ‘ஐஸோமர்’ என்ற சொல்லை உண்டாக்கினார். புதிய அமிலத்துக்கு ரெசீமிக் அமிலம் என்று பெயர் நிலைத்தது. திராட்சைக் குலைக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இரண்டுக்குமிடையே உள்ள பெரிய வேற்றுமையைக் காட்டியது ஒளி. ஒளி சாதாரணமாக எல்லாத் தளங்களிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. சில படிகங்களின் வழியே செலுத்தினால் ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி அதை அடக்கலாம். அப்படி அடக்கப்பட்ட ஒளி, டர்பன்டைன் போன்ற சில திரவங்களினூடே போகும்போது அதன் தளமே ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது என்று ழான் பாட்டிஸ்ட் பியோ 1815-ல் கண்டார். டார்டாரிக் அமிலக் கரைசல் வலப்பக்கம் திருப்பியது. ரெசீமிக் அமிலம் எந்தப் பக்கமும் திருப்பவில்லை. 1844-ல் பெர்லினிலிருந்து மிட்ஷர்லிஹ் என்ற ரசாயனி புதிரை இன்னும் இறுக்கினார். இரண்டு அமிலங்களையும் ஸோடியமும் அம்மோனியமும் சேர்த்து உப்பாக்கிப் படிகமாக்கினால் உருவம் ஒன்று, கோணங்கள் ஒன்று, அடர்த்தி ஒன்று. ஆனால் ஒன்று ஒளியைத் திருப்புகிறது, மற்றது சும்மா இருக்கிறது. எல்லா விதத்திலும் ஒன்றாக இருப்பவை ஒரே ஒரு விஷயத்தில் எப்படி வேறாக இருக்கமுடியும்?

பாஸ்டர் தோல் பதனிடுபவரின் மகன். பதின்வயதில் அர்புவா என்ற சின்ன ஊரில் பாஸ்டல் வண்ணக் கட்டிகளால் அக்கம்பக்கத்தாரின் உருவங்களை வரைந்துகொண்டிருந்தவர். தாய் தந்தையரை வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் கற்பனை அதிகமில்லை. ஆனால் ஒரு முகத்தின் இடப்பாதி வலப்பாதியைப் போல இல்லை என்பதைத் தெரிந்துகொண்ட கண் இருக்கிறது. சில வருஷங்களில் அவர் பாரீஸின் ‘எகோல் நார்மால்’ கல்விக்கூடத்தில், பலார் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், படிகங்களின் கோணங்களை அளந்துகொண்டிருந்தார்.

குவார்ட்ஸ் படிகங்களில் சில மூலைகளில் மட்டும் சாய்வாகச் சின்னப் பட்டைகள் இருப்பதுண்டு. சில படிகங்களில் அவை வலமாகச் சாய்ந்திருக்கும், சிலவற்றில் இடமாக. அந்தச் சாய்வுக்கும் அந்தப் படிகம் ஒளியைத் திருப்பும் பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஜான் ஹெர்ஷல் 1820 வாக்கிலேயே சொல்லியிருந்தார். டார்டாரிக் உப்புக்களிலும் இதே மாதிரிப் பட்டைகள் இருப்பதை, அவை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பாஸ்டர் பார்த்தார். மிட்ஷர்லிஹ் பார்க்காமல் விட்ட பட்டைகள். அப்படியானால் ஒளியைத் திருப்பாத ரெசீமிக் உப்பில் பட்டைகளே இருக்கக்கூடாது. பார்த்தார். இருந்தன. ஒரு கணம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கவேண்டும். மறுபடி பார்த்தபோது, எல்லாப் பட்டைகளும் ஒரே பக்கமில்லை. சில படிகங்களில் வலம், சிலவற்றில் இடம். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தன் முன்னால் ஒரே நிலையில் நிறுத்திப் பார்த்து, இரண்டாகப் பிரித்தார். வலப் படிகங்களைக் கரைத்தால் ஒளி வலப்பக்கம் திரும்பியது. இடப் படிகங்களைக் கரைத்தால் இடப்பக்கம். இரண்டையும் சம எடையில் சேர்த்துக் கரைத்தால் எந்தப் பக்கமுமில்லை. ரெசீமிக் அமிலம் என்பது மூன்றாவது பொருளல்ல. ஒன்றையொன்று ரத்து செய்துகொண்ட இரண்டு பொருள்கள்.

பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே ஓடிவந்து, தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டவரைக் கட்டிக்கொண்டார் என்று மருமகன் வல்லெரி-ராதோ 1900-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த இடத்தைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆர்க்கிமிடீஸிடமிருந்து கடன் வாங்கின உடை போல இருக்கிறது. அதைவிட அபூர்வமான காட்சி அடுத்து வருவது.

விஷயம் பியோவின் காதுக்குப் போயிற்று. எழுபதைத் தாண்டியவர், எதையும் லேசில் நம்பாதவர். தன் கண்முன் திருப்பிச் செய்துகாட்டச் சொன்னார். ரெசீமிக் அமிலத்தைத் தானே கொடுத்தார். ஸோடாவையும் அம்மோனியாவையும் தானே கொடுத்தார். கரைசலைத் தன் அறையிலேயே ஆறவைத்துக்கொண்டார். முப்பது நாற்பது கிராம் படிகம் சேர்ந்ததும் பாஸ்டரை அழைத்து, எதிரில் உட்கார்ந்து பிரிக்கச் சொன்னார். பாஸ்டர் பிரித்தார். வலப் படிகங்களைப் பியோவின் வலக்கைப் பக்கமும் இடப் படிகங்களை இடக்கைப் பக்கமும் வைத்தார். மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் பியோ. கரைசல் தயாரானபோது அவர் முதலில் கருவியில் வைத்தது இடப்பக்கத்துக் கரைசலை. ஏனென்றால் வலப்பக்கம் திருப்புவது பழைய விஷயம். இடப்பக்கம் திருப்பும் டார்டாரிக் அமிலத்தை உலகத்தில் அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. அளக்கக்கூடத் தேவைப்படவில்லை. கண்ணை வைத்ததுமே தெரிந்துவிட்டது. கிழவர் இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டு, தாம் ஆயுள் முழுக்க நேசித்த விஞ்ஞானத்தின் பேரில் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னாராம். இதைச் சொல்வது பாஸ்டரேதான், பன்னிரண்டு வருஷம் கழித்து, 1860-ல் நிகழ்த்திய உரையில். அதையும் மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அந்த மேஜைக்கு எதிரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி இருந்ததாக வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் வலப் படிகங்கள் இடப் படிகங்களாகத் தெரியும், வலக்கை இடக்கையாகத் தெரியும். மொத்தத்தில் காட்சி மாறாது. வலம் வலப்பக்கத்தில், இடம் இடப்பக்கத்தில், இரண்டு குவியல்கள். பாஸ்டர் செய்த காரியம் கண்ணாடியிலும் அதே காரியம்தான். ஆனால் பியோ கையை நீட்டி ஒரு குவியலை எடுத்ததும் கண்ணாடியில் இருக்கும் பியோ வேறு குவியலை எடுக்கிறார். பாஸ்டர் செய்தது பிரித்தல். பியோ செய்தது தேர்தல். பிரித்தலுக்குப் பட்சபாதம் வேண்டாம். தேர்தலுக்கு வேண்டும். நான் சொன்ன இரண்டு காரியங்கள் இவைதான்.

இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு என்பதும் இப்போது நன்றாகவே தெரியும். வலமும் இடமுமாக இருக்கிற பொருள்கள் படிகமாகும்போது பெரும்பாலும் இரண்டும் ஜோடி சேர்ந்து ஒரே படிகத்துக்குள் போய்விடுகின்றன. தனித்தனிப் படிகங்களாகப் பிரிந்து நிற்பவை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். பாஸ்டர் எடுத்துக்கொண்ட உப்பு அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தது. அதுவும் எப்போதும் அல்ல. சுமார் 27 டிகிரி ஸென்டிகிரேடுக்குக் கீழே படிந்தால் மட்டும். சூடு அதற்கு மேலே போனால் இதே உப்பும் ஜோடி சேர்ந்துகொண்டு, பிரிக்கமுடியாத வேறு படிகமாகிவிடும். பாஸ்டர் தன் கண்டுபிடிப்பை அறிவித்தது 1848 மே மாதத்தில், பாரீஸின் வசந்தத்தில். சென்னையில் ஒரு மே மாதத்தில் கரைசலைத் திறந்தவெளியில் வைத்திருந்தால் ஞானோதயத்துக்கு இடமே இருந்திருக்காது.

அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓகூஸ்த் லாரானைப் பற்றிப் பேசுவதில்லை. லாரான் பாஸ்டரைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கூர்மையான ரசாயன சிந்தனையாளர், குடியரசுவாதி, அன்று சர்வ வல்லமையோடிருந்த டூமாவைப் பகைத்துக்கொண்டவர். 1846-47-ல் பலாரின் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை செய்தபோது பாஸ்டர் அவருக்குத் துணையாக இருந்தார். ஒரு நாள் லாரான், பார்வைக்கு முற்றிலும் சுத்தமாகத் தெரிந்த ஸோடியம் டங்ஸ்டேட் படிகங்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அது உண்மையில் மூன்று வெவ்வேறு படிகங்களின் கலவை என்று காட்டினார். உருவங்களோடு பழகின கண்ணுக்கு அது தெரியும் என்றார். இதைக் குறித்து வைத்திருப்பதும் பாஸ்டர்தான். ஒரே சீராகத் தெரிகிற குவியல் ஒன்றல்ல, பல என்று பார்க்கிற பார்வை 1848-க்கு முன்பே, இன்னொருவர் கையால், அவருக்குக் காட்டப்பட்டுவிட்டது.

பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் நூறு வருஷத்துக்கு மேல் குடும்பத்தின் கைக்குள்ளேயே இருந்தன. பேரன் அவற்றை 1964-ல் பிரெஞ்சு தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் தாராளமாகப் பார்க்க முடிந்தது 1970களில்தான். கைஸன், ஸீகார்ட் என்ற இருவர் அவற்றைப் படித்து 1988-ல் எழுதிய கட்டுரையில் இந்தக் கதை வேறு முகம் கொள்கிறது. பாஸ்டர் மிட்ஷர்லிஹின் புதிரிலிருந்து நேராகப் புறப்படவில்லை. படிகத்துக்குள் அடைபட்ட நீர், ஒரே பொருள் இரண்டு உருவங்களில் படிவது என்று லாரானின் கேள்விகளிலிருந்து புறப்பட்டு, வழியில்தான் இங்கே வந்து சேர்ந்தார். பிற்பாடு அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் லாரானின் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. இளைஞனுக்கு டூமாவின் தயவும் பியோவின் தயவும் தேவைப்பட்டன. லாரானின் நட்பு அங்கே செலாவணியாகாத நாணயம். கொலேஜ் த ஃபிரான்ஸில் காலியான ஆசனத்துக்கு லாரான் போட்டியிட்டபோது அது பலாருக்குப் போயிற்று. பாரீஸ் நாணயசாலையில் உலோகம் சோதிக்கும் வேலையிலிருந்தபடி, 1853-ல் காசநோயில் லாரான் இறந்தார். வயது நாற்பத்தைந்து.

இலக்கியக்காரர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல. யாரிடமிருந்து பார்வை வந்ததோ அவரை விட்டுவிட்டு, யாரிடமிருந்து அங்கீகாரம் வரவேண்டுமோ அவரை முன்னுரையில் வைப்பது. பாஸ்டர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பட்டைகளைப் பார்த்தது அவர்தான், பிரித்தது அவர்தான். ஆனால் தன் கடன்களைப் பொறுத்தமட்டில் அவர் செய்தது பிரித்தல் அல்ல.

கையால் பிரிப்பது ஒரு வழி. அடுத்த பத்து வருஷங்களில் பாஸ்டர் இன்னும் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தார். தாவரங்களிலிருந்து எடுத்த, தாமே ஒரு பக்கம் சாய்ந்த காரப்பொருள் ஒன்றை 1853-ல் ரெசீமிக் அமிலத்தோடு சேர்த்தார். வலது கை வலது கையோடு குலுக்கிக்கொள்வதும் இடது கையோடு குலுக்கிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதுபோல, அந்தக் காரம் வல அமிலத்தோடு ஒரு விதமாகவும் இட அமிலத்தோடு வேறு விதமாகவும் சேர்ந்தது. இரண்டு உப்புக்களும் கரையும் அளவு வேறுபட்டது. பிறகு பூஞ்சணம். ஒரு பூஞ்சணத்தை ரெசீமிக் அமிலக் கரைசலில் வளரவிட்டால் அது வல அமிலத்தை மட்டும் தின்றுவிட்டு இடத்தைத் தொடாமல் விட்டது. இந்த இரண்டிலும் பிரிக்கிற பொருளுக்கே ஒரு கை இருக்கிறது. காரமும் பூஞ்சணமும் உயிரிலிருந்து வந்தவை. இயற்கையில் உயிருள்ளவை எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்த பொருள்களைத்தான் செய்கின்றன, ஆய்வுக்கூடத்துக் குடுவையோ பாதிக்குப் பாதிதான் கொடுக்கிறது, உயிருக்கும் ஜடத்துக்கும் நடுவே இப்போது நிச்சயமாக இழுக்கக்கூடிய எல்லைக்கோடு இதுவே என்று பாஸ்டர் முடிவுக்கு வந்தார்.

அந்தக் கோட்டைத் தாண்டவும் அவரே முயன்றார் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. பிரபஞ்சமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, உயிருக்கு அந்தச் சாய்வு அங்கிருந்துதான் வருகிறது என்பது அவர் நம்பிக்கை. காந்தங்களின் நடுவே படிகங்களை வளர்த்துப் பார்த்தார். செடியொன்றின் மேல் விழும் சூரிய ஒளியைக் கண்ணாடியாலும் கடிகார யந்திரத்தாலும் திருப்பி, சூரியன் மேற்கே உதித்துக் கிழக்கே மறைவது போன்ற ஒரு உலகத்தை அந்தச் செடிக்கு மட்டும் உண்டாக்க முனைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்டரின் வெற்றிகளைவிட இந்தத் தோல்வி எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

இனி அந்த வாதம். 1898-ல் பிரிஸ்டல் நகரத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தின் ரசாயனப் பிரிவுத் தலைவராக ஃபிரான்ஸிஸ் ஜாப் பேசினார். ஜடத்தின் சக்திகளுக்கு இடம் வலம் தெரியாது, அவை எப்போதும் இரண்டையும் சமமாகவே உண்டாக்கும் என்றார். உயிரில்லாமலே படிகங்கள் வலமும் இடமுமாகப் பிரிந்து படிகின்றனவே என்றால், படிகின்றன, ஆனால் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி வேறாக்குவது அறிவுள்ள ஒரு ஜீவனின் கை. ஆகவே முதல் சாய்வு, முதல் தேர்வு, ஜடத்துக்கு அப்பாற்பட்ட ஒரு வழிகாட்டும் சக்தியிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். பாஸ்டரின் விரல்கள் இங்கே பிரக்ஞையின் விரல்களாகிவிட்டன.

‘நேச்சர்’ பத்திரிகையில் கடிதங்கள் பறந்தன. ஹெர்பர்ட் ஸ்பென்ஸர் எழுதினார். புள்ளியியல்காரரான கார்ல் பியர்ஸன், ஆதியில் மிகச் சில மூலக்கூறுகளே இருந்திருந்தால் சரிபாதி என்பதுதான் அதிசயம், ஏறுமாறாக இருப்பது சகஜம் என்றார். நாணயத்தை லட்சம் தடவை சுண்டினால் பாதிக்குப் பாதி, மூன்று தடவை சுண்டினால் பாதிக்குப் பாதி வரவே வராது. அதே வருஷம் கிப்பிங், போப் என்ற இரண்டு ரசாயனிகள் ஸோடியம் குளோரேட் என்ற எளிய உப்பைப் பலமுறை படிகமாக்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களை ஒவ்வொன்றாக வலமா இடமா என்று எண்ணினார்கள். மொத்தத்தில் சரிபாதிக்கு மயிரிழை தூரத்தில் வந்து நின்றது. ஜாப் சொன்ன சமநிலை உண்மைதான். மொத்தத்தில்.

ஜாப்பின் பிழை வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாஸ்டரின் மேஜையில் நடந்த இரண்டு காரியங்களையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். பிரிப்பதற்கே ஒரு தேர்கிற மனம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். வேண்டியதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள், நடுவே எண்ணெய் மாதிரி ஒரு திரவம். கீழ்த்தட்டு நிற்கிறது, மேல்தட்டு முன்னால் நகர்கிறது. நடுவிலுள்ள திரவத்தின் மேலடுக்குகள் வேகமாகவும் கீழடுக்குகள் மெதுவாகவும் போகும். அதில் அகப்பட்ட ஒரு மணி உருளத்தொடங்கும். அந்த மணி திருகாணி வடிவமாக இருந்தால், உருளும்போது மரையின் போக்கில் பக்கவாட்டில் நகரும். சாதாரண மரை ஒரு பக்கம் போனால் இடது மரை, சைக்கிளின் இடது பெடலில் இருக்கிற மரை, மறுபக்கம் போகும். தட்டுகளுக்கு இடம் வலம் தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் அவை அதே தட்டுகள்தான். ஆனாலும் மணிகள் இரண்டு குவியல்களாகிவிடும். பாஸ்டர் செய்தது இவ்வளவுதான், கண்ணும் விரலும் இல்லாமல்.

இது வெறும் மனக்கணக்கல்ல. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து ஹவர்ட், லைட்ஃபுட், ஹிர்ஷ்ஃபெல்டர் மூவரும் இப்படிப்பட்ட ஓட்டத்தைக்கொண்டு வலதையும் இடதையும் பிரிக்கலாம் என்ற யோசனையை 1976-ல் வெளியிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு பௌதிக அறிஞர் தெ ஜென், வலப் படிகங்களையும் இடப் படிகங்களையும் யந்திர ரீதியாகப் பிரிப்பதைப் பற்றி 1999-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 2009-ல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் திருகாணி வடிவமான, நீந்தும் சக்தியற்ற பாக்டீரியாக்களை மெல்லிய கால்வாயில் ஓடவிட்டு, அவை ஓட்டத்துக்குக் குறுக்கே பக்கவாட்டில் நகர்வதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். பாஸ்டருக்கு நூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகு இது இவ்வளவு தாமதமாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. மணி எவ்வளவு சின்னதாகிறதோ அவ்வளவுக்குத் திரவத்தின் மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளுகின்றன. பக்கவாட்டு நகர்வு அந்தத் தள்ளுமுள்ளில் கரைந்துவிடுகிறது. மணல் அளவில் சாத்தியம். மூலக்கூறு அளவில், இந்த எளிய வழியில், மிகக் கடினம்.

இரண்டு குவியல்கள் கிடைத்தபின் எது வலம், எது இடம்? இதைத் தட்டுகள் சொல்லாது. சொல்வதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். பாஸ்டருக்குப் பிறகு நூறு வருஷம், வலப்பக்கம் திருப்பும் அமிலத்தின் மூலக்கூறு உண்மையில் எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1890களில் எமில் ஃபிஷர் சர்க்கரைகளுக்கு ஒரு பக்கத்தை ஊகமாக வைத்துக்கொண்டார். இரண்டில் ஒன்று, பந்தயம். 1951-ல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்தில் பைஃபூட் என்பவரும் கூட்டாளிகளும் எக்ஸ்ரேயைப் பயன்படுத்தி ஒரு டார்டாரிக் உப்பின் உண்மையான முறுக்கைக் கண்டார்கள். ஃபிஷர் வென்றிருந்தார். பெயர் என்பது எவ்வளவு தூரம் பிடிக்கிற விதத்தைப் பொறுத்தது என்பதற்கு நம் கையிலேயே சாட்சி இருக்கிறது. நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கிற அபூர்வச் சங்கை விலங்கியல்காரர்கள் இடப்பக்கச் சங்கு என்கிறார்கள். அவர்கள் சுருள்நுனி மேலாகப் பிடித்து, வாய் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்கள். நாம் நுனி கீழாகப் பிடிக்கிறோம். சங்கின் முறுக்கு எப்படிப் பிடித்தாலும் மாறுவதில்லை, நம் சொல்தான் மாறுகிறது. கெல்வின் 1893-ல் இந்தக் குணத்துக்குப் பெயர் தேடியபோது கிரேக்க மொழியில் கை என்ற சொல்லிலிருந்தே எடுத்தார். இடம் வலம் இரண்டில் எதுவானாலும் கை என்பது பொது.

ஆக, பிரித்தலுக்கு மனம் வேண்டாம். தேர்தலுக்கு? ஜாப்பின் வாதத்தில் மிஞ்சுவது இதுதான். உயிர் பிரித்துவைத்துக்கொண்டு இரண்டையும் ஆளவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. நம் உடம்பின் புரதங்கள் எல்லாம் இடப்பக்க அமினோ அமிலங்களால் ஆனவை.

இதற்கான பதில், பதில் என்று சொல்லலாமானால், கிப்பிங்கும் போப்பும் எண்ணிய அதே ஸோடியம் குளோரேட்டிலிருந்து வந்தது. இந்த உப்பில் ஒரு விசேஷம். கரைசலில் இருக்கும்போது அதற்கு இடம் வலம் கிடையாது. படிகமாகும்போது மட்டும் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. கரைத்துவிட்டால் பழையபடி பக்கமற்றது. 1990-ல் திலீப் கொண்டெபுடியும் இருவரும் இதை ஆடாமல் அசையாமல் படிகமாக்காமல், கலக்கிக்கொண்டே படிகமாக்கினார்கள். குடுவைக்குள் அநேகமாக எல்லாப் படிகங்களும் ஒரே பக்கம். அடுத்த குடுவையில் மறுபக்கம். எல்லாக் குடுவைகளையும் சேர்த்து எண்ணினால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி, ஆனால் ஒவ்வொரு குடுவையும் ஒருதலைப்பட்சம். முதலில் பிறந்த ஒரு படிகத்தைக் கலக்குகிற கோல் இடித்து உடைத்துத் துணுக்குகளாக்குகிறது. துணுக்குகள் ஒவ்வொன்றும் தாய்ப் படிகத்தின் பக்கத்திலேயே வளர்கின்றன. மற்றவை பிறப்பதற்குள் உப்பு தீர்ந்துவிடுகிறது.

2005-ல் மாட்ரிட்டில் கிறிஸ்டோபல் வியெட்மா இன்னும் ஒரு படி மேலே போனார். பாதிக்குப் பாதி வலமும் இடமுமான குளோரேட் படிகங்களை, அதே உப்பால் நிறைவுற்ற கரைசலில் போட்டு, கண்ணாடி மணிகளையும் உள்ளே போட்டுக் கலக்கினார். அம்மியில் அரைப்பதுபோல மணிகள் படிகங்களை நசுக்கிக்கொண்டே இருந்தன. சின்னத் துகள்கள் கரைந்தன, கரைந்தது பெரிய துகள்களில் மறுபடி படிந்தது. அரைத்தலும் கரைதலும் படிதலும் மாறி மாறி நடக்க, சமநிலை எங்கோ ஒரு இடத்தில் நழுவியது. நழுவியது திரும்பவில்லை. ஒரு பக்கம் ஏற ஏற மறுபக்கம் கரைந்து அதற்கே தீனியாயிற்று. கடைசியில் குடுவையில் மிஞ்சியவை எல்லாம் ஒரே பக்கம். ஒன்றுகூட மறுபக்கம் இல்லை. ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கமே வென்றது. 2008-ல் ஹாலந்தின் நைமேஹன் நகரத்திலிருந்து ஒரு குழு, ஸோடியம் குளோரேட்டைப் போலன்றிக் கரைசலிலும் இடம் வலம் உள்ள ஒரு அமினோ அமிலச் சேர்மத்திலேயே இதைச் செய்துகாட்டியது. கரைசலில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள், அரைத்தார்கள், ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது.

வியெட்மாவின் குடுவையில் யாரும் எதையும் பொறுக்கவில்லை. தோற்ற படிகங்கள் ஒரு ஓரமாக ஒதுக்கிவைக்கப்படவுமில்லை. அவை கரைந்து, பக்கமற்றதாகி, ஜெயித்த படிகங்களின் மேல் படிந்து அவற்றின் உடம்பாகிவிட்டன. பியோ இடப்பக்கக் கரைசலை முதலில் எடுத்தபோது வலப்பக்கக் குவியல் மேஜைமேல் அப்படியே இருந்தது, பிறகு அளந்து பார்ப்பதற்காக.